தும்மல் வராத வறுவல்

இந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறைச் சுவருக்கு வெள்ளையடிப்பதில்லை என்று வியாழக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். பல் தேய்க்கும்போதே எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் நானாக எடுத்த முடிவுகள் ரொம்பக் குறைவு. அதனால் இதை விடுவதாக இல்லை.

காரணம் என் புறா. ஞாயிறன்றுதான் தெற்குத் தாய்லாந்தில் எங்கள் ஊரான சானாவில் புறா கூவும் போட்டி. என் புறா தங்கக்குரல் கூண்டோடு கம்பத்தில் ஏறிக் கூவும் நேரத்தில் நான் பிரஷ்ஷும் கையுமாக நிற்பதா? நினைத்தாலே அழுகை வந்தது.

மனைவி ஜின்தனாவிடம் சொன்னேன். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவள். பேச்சிலும் துணி வீணாகாது. சமையல் முழுக்கத் தன் தலையில், ஒரு சுவர் என் தலையில் விழக் கூடாதா என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கப்ராவ் வறுவல் செய்யறதெல்லாம் ஒரு சமையலா? கால் கிலோ பன்னிக் கொத்துக்கறி, ஒரு கட்டுத் துளசி, ஒரு கைப்பிடி மிளகாய். பத்து நிமிஷம்."

"அப்ப சாயங்காலம் நீங்களே செஞ்சிடுங்க."

"செஞ்சா?"

"நீங்க செஞ்சதை நான் மனசார சாப்பிட்டா, ஞாயித்துக்கிழமை புறாவோட போங்க. இல்லேன்னா வெள்ளையடிங்க."

அவள் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மத்தியானம் ஆபீசிலிருந்து நழுவி வந்து ஒத்திகை பார்த்தேன். பூண்டையும் மிளகாயையும் இடித்து எண்ணெயில் போட்டேன். புகை கிளம்பியது. பதினோரு தும்மல் தும்மினேன். கறியைக் கொட்டினால் அது தண்ணீர் விட்டுக் குளமாகிவிட்டது. கடைசியில் போட வேண்டிய துளசியை முதலிலேயே போட்டதில் கன்னங்கரேலென்று ஆனது. எங்கள் நாய் மோந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிரானி அக்காவிடம் சாப்பிடப் போய்விட்டது.

நான் அசரவில்லை. ஐந்து மணிக்குக் கொல்லை வழியாகப் போய், தெருமுனையில் சாப்பாடு விற்கும் யுபாவின் தள்ளுவண்டியில் மூன்று பொட்டலம் கப்ராவ் வாங்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். வயிறு வெந்தது. புறாவுக்காகப் பொறுத்தேன்.

ஜின்தனா சாட்சிக்குப் பிரானி அக்காவையும் அழைத்துவந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் உரலை நூறு தடவை இடித்தேன். காலி வாணலியைக் கரண்டியால் பிராண்டினேன். பிறகு பொட்டலங்களைக் கொட்டி, இளந்தீயில் லேசாகச் சூடு காட்டினேன். மேலே வைத்த முட்டைகள் மட்டும் நானே பொரித்தவை. அதில் மோசடி கிடையாது.

இரண்டு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்குத் தங்கக்குரல் கூவுவது காதிலேயே கேட்டது.

"பிரமாதம்ங்க," என்றாள் ஜின்தனா. பிறகு பிரானி அக்காவிடம் திரும்பினாள். "ஏன்க்கா, உங்களுக்குத் தும்மல் வந்துச்சா?"

"இல்லையேம்மா."

"எனக்கும் வரல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சந்தில் யார் வீட்டில் கப்ராவ் வறுத்தாலும் நாலு வீடு தும்மும். யார் வீட்டில் என்ன சாப்பாடு என்பதே அப்படித்தான் தெரியும். இதை மறந்துபோய் நான் உரலை இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது கைப்பக்குவம்," என்றேன். "புகையே வராம வறுக்கறது ஒரு தனி முறை."

"மத்தியானம் அந்த முறை வரலையோ? சந்தே தும்முதுன்னு அக்கா அப்பவே கடைக்கு போன் பண்ணிட்டாங்க. யுபாவும் பண்ணினா. மூணு பொட்டலம் வாங்கிட்டுப் போறாரே, வீட்ல விருந்தான்னு கேட்டா."

பிரானி அக்கா முட்டையைப் பாராட்டினாள். முட்டை கணக்கில் வராது என்று ஜின்தனா சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஜின்தனா கூண்டோடு உள்ளே வந்தாள். நான் வராவிட்டால் புறா ஏன் வீட்டில் கிடக்க வேண்டும் என்று அவளே போட்டிக்குக் கொண்டுபோயிருந்தாள். தங்கக்குரலுக்கு முதல் பரிசு.

"என்ன குடுத்தாங்க?" என்றேன், ஏணியிலிருந்து இறங்காமலே.

பையிலிருந்து பளபளவென்று ஒரு புது வாணலியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான்."