அம்மன் அம்பும் ஒரு சேகரும்

வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவன் ஜாக்கிரதைக்காரன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன் சந்தேகப் பிராணி. நான் பஸ் ஏறிய பிறகு இறங்கி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். இப்படி இழுத்து இழுத்தே ஒரு பூட்டைக் கையோடு பிடுங்கியவன் என்று என் மனைவி சொல்வாள். (அது ஏற்கெனவே லூசாகத்தான் இருந்தது.)

தொண்ணூறுகளில் செங்கம் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். பேசி முடித்து வெளியே வருகிற, ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் என் மீட்டரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் அவர்கள் கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். என் குணத்துக்கு ஏற்ற தொழில்தான்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. விஜயதசமியன்று அம்மன் குதிரை வாகனத்தில் கிளம்பி, ஊர்க்கோடியில் நட்டிருக்கும் வாழைமரத்தின் மேல் அம்பு போடுவாள். அம்மன் சார்பில் பூசாரி வில்லை வளைப்பார். அம்பு மரத்தில் குத்தி நின்றால் ஊருக்கு நல்லது. அந்த அம்பைக் கொடுக்கும் உரிமை எங்கள் வீட்டுக்கு. உலையில் காய்ச்சிக் கையால் அடித்த இரும்பு முனைதான் ஆகும், கடைச்சரக்கு ஆகாது. ஒரு வருஷம் அம்பு பழுதானாலும் உரிமை பெரியப்பா வீட்டுக்குப் போய்விடும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. பெரியப்பா மகன் முருகேசன் அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறான் என்பது என் முடிவு. (பொங்கலுக்கு அவன் கரும்பு கொடுத்தனுப்பினால்கூட, எதற்காக என்று யோசித்துவிட்டுத்தான் கடிப்பேன்.)

அந்த வருஷம் அப்பா வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார்.

"சேகரு, அம்பு வேலைய நீதான் பாக்கணும். பாய் செய்வாரு. நீ வாங்கினு வா, போதும். வேற ஒண்ணும் பண்ணாத."

ஒன்றும் பண்ணாதே என்று அவர் ஏன் சொல்கிறார் என்பதிலேயே எனக்கு உறுத்தல் ஆரம்பித்துவிட்டது.

டவுனில் கபூர் பாய் பட்டறை. அவர் அப்பா காலத்திலிருந்து எங்கள் அம்மன் அம்புக்கு முனை அடிப்பவர்கள். பாய்க்கு என்னைவிடச் சந்தேகம் ஜாஸ்தி. அரை மணி நேரம் நின்று பார்ப்பவன் எல்லாம் தொழிலைத் திருட வந்தவன் என்று முறைப்பார். நானோ அவர் இரும்பை மாற்றிவிடுவார் என்று பயந்து, கொண்டுபோன பட்டையில் சாக்பீஸால் 'சே' என்று எழுதிக் கொடுத்தேன். பட்டை உலைக்குள் போய்ச் சிவந்து, பட்டடைக் கல்லில் அடி வாங்கி, இலை வடிவ முனையாக வெளியே வந்தது. எழுத்தைக் காணோம்.

"பாய், என் எழுத்து எங்க?"

"நெருப்புல போட்டா எழுத்து நிக்குமா? நீ படிச்சவன்தானே?"

இந்தப் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை.

அப்போது வாசலில் முருகேசனின் மொபெட் வந்து நின்றது. அவன் பாயிடம் காதோடு காதாக ஏதோ சொன்னான். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, பிறகு சிரித்தான். அவன் போனதும் பாய் டீ குடிக்க வெளியே போனார். பட்டறையின் பின்பக்கம் தொங்கிய சாக்குப் படுதாவைத் தூக்கினேன். அங்கே சாம்பலில் இன்னொரு அம்பு முனை ஆறிக்கொண்டிருந்தது. அச்சு அசல் என்னுடையதைப் போலவே!

ஆள் மாறாட்டம் கேள்விப்பட்டிருக்கிறேன், அம்பு மாறாட்டத்தை நேரில் பார்க்கிறேன். படுதாவை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முனையின் பின்னால் எலிவால் போல ஒரு கம்பி நீண்டிருக்கும். மூங்கில் குச்சியின் துளையில் அரக்கை உருக்கி ஊற்றி, சூடாக்கிய வாலை உள்ளே இறக்கி, வெளியே நூலை இறுக்கிச் சுற்றுவார்கள். பாய் எல்லாம் செய்து முடித்து அம்பைச் சுவரோரம் நிறுத்தினார்.

"இங்கியே ஆறட்டும். அதுவரைக்கும் கை வெக்காத. அரக்கு புடிக்கிற நேரத்துல அசைஞ்சா அப்புறம் புடிக்கவே புடிக்காது."

'இங்கியே' என்றார் பாருங்கள், அங்கேதான் சதி எனக்கு முழுசாக விளங்கியது. அம்பைச் சட்டென்று எடுத்துத் துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். "ஏய், ஏய்!" என்று பாய் கத்தியது எனக்கு வாக்குமூலமாகவே கேட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்து முனையை லேசாகத் திருகிப் பார்த்தேன். திரும்பியது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடி திருகினேன். முன்பைவிட நன்றாகத் திரும்பியது. வீட்டுக்கு வந்து, அரக்கைக் கம்மியாக ஊற்றியிருப்பாரோ என்று நூலைப் பிரித்தேன். அரக்கு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கலப்படம்! முனையைத் திரும்பச் செருகி, அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ரோஸ் கலர் நூலை எடுத்து நானே சுற்றினேன். எதிரியின் திட்டத்தை முறியடித்த நிம்மதியோடு சாப்பிட்டேன்.

மறுநாள் ஊரே கூடியது. அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். பூசாரி அம்பை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, ரோஸ் நூலை ஒரு விநாடி விசித்திரமாகப் பார்த்தார். வில்லில் பூட்டுவதற்காக அம்பைக் கீழே சாய்த்தார்.

டங்!

முனை கற்பூரத் தட்டில் விழுந்தது. மேளம் நின்றுவிட்டது. பூசாரி கையில் வெறும் குச்சி.

"அம்பு பழுதாயிடுச்சு. இனிமே உரிமை அண்ணன் வூட்டுக்குத்தான்" என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதே நேரம் முருகேசன் துண்டிலிருந்து ஒரு அம்பை உருவினான். நான் பாய்ந்து அறிவிப்பாளரின் மைக்கைப் பிடுங்கினேன்.

"புடிங்க அவன! பட்டறையில பாத்தேன்! பாய் கூட சேந்து மாத்திட்டான்! திருடன்!"

கிரிவலப் பாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்களாம்.

முருகேசன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கையை நீட்டினார். மைக்கைக் கொடுத்தேன்.

"அத செய்யச் சொன்னது நான்தான். முருகேசன விட்டு பாய் கிட்ட சொல்ல வெச்சேன்" என்றார். "இவன் எதையாவது நோண்டி வெப்பான்னு தெரியும். ஒரு பாதுகாப்புக்கு."

"ஆமாங்க, இது சித்தப்பா வூட்டு அம்பு" என்று முருகேசன் அதைப் பூசாரியிடம் கொடுத்தான். அவன் சும்மா நின்றிருந்தாலே உரிமை அவன் வீட்டுக்குப் போயிருக்கும். ஊர் சிரித்து முடித்த பிறகு, அம்பு போய் வாழைமரத்தில் சதக்கென்று நின்றது. எனக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் மாற்றுப் பொருளுக்கெல்லாம் பெயர் 'சேகர்'. "பல்பு போச்சுன்னா? ஒரு சேகர் பல்பு இருக்கா?" என்பார் அப்பா. பரீட்சைக்குக் கிளம்பும் என் மகள், "பேனா ஒண்ணு, சேகர் ரெண்டு" என்று எண்ணி எடுத்துக்கொள்வாள்.

அப்பா காலமான பிறகு அம்பு பொறுப்பு என்னிடம் வந்தது. பாயின் மகனிடம் வருஷா வருஷம் ஒரு அம்புதான் சொல்கிறேன். இரண்டு வருகிறது. இரண்டாவதை யார் சொன்னது என்று கேட்டால், "அது சொல்லிட்டாங்கண்ணா" என்கிறார். முருகேசனிடம் கேட்டேன், அம்மன் மேல் சத்தியம் செய்கிறான்.

எனக்கு என் மனைவி மேல்தான் சந்தேகம்.