ஆட்சேபம் உண்டா என்று கேட்ட துணைவேந்தர்

சூவா,
வெள்ளிக்கிழமை

டவெயுனித் தீவின் யங்கோனாத் தோட்டத்து மகாராஜாவும் என் அன்பு மச்சானுமாகிய ஐசோவாவுக்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் வைசாகே எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் முழங்கால் நீங்கலாக. தங்கச்சி சலோட்டேவின் இருமல் நின்றதா?

மகள் போனில் சரியாகப் பேசுவதில்லை, அங்கே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருந்தாய். வாரம் இரண்டு வகுப்பு எடுக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவன் நான், எனக்குத் தெரியாதா? உன் மகள் மாக்கெரெத்தா துணைவேந்தராக வந்த அன்றே ஆட்சிக்குழு கறாராகச் சொல்லிவிட்டது: ஆண்டு முடிவதற்குள் தேர்ச்சி உயராவிட்டால் பதவி வேறொருவருக்கு. வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு வந்த பெண் பயப்படாமல் இருப்பாளா? ஆனாலும் முறையாகத்தான் தொடங்கினாள். எல்லோரையும் மண்டபத்துக்கு அழைத்தாள், மேடையில் அமர்ந்தாள், வகுப்புகள் இனி காலை எட்டு மணிக்கு, மதிய உணவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்று வாசித்தாள். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழந்தை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்! எதிர்த்தீவுப் படகு ஒன்பது மணிக்குத்தான் கரை சேரும், பாதி மாணவர்கள் அதில்தான் வருவார்கள். மதியம் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் நூலகரும் சாப்பிடப் போவதால் நூலகம் பூட்டிக் கிடந்தது. பருவத் தேர்வு என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசி. பிறகு ஒரு கருத்துப் பெட்டி வைத்தாள். திறந்தால் எல்லாச் சீட்டிலும் "அப்பா எப்படி இருக்கிறார்?" என்ற விசாரிப்பு. மச்சான், உனக்கு இங்கே நல்ல பெயர்.

அந்தச் சமயத்தில்தான் நீ அனுப்பிய யங்கோனா வேர்க்கட்டு வந்தது. வகுப்பு முடிந்ததும் அதை எங்கள் துறைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். இடித்து, தண்ணீரில் கரைத்து, குடிக்கப் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். என்னைத் தேடிக்கொண்டு மாக்கெரெத்தா வந்தாள். பாய் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு தரையில் அமர்ந்தாள். வழக்கப்படி கைதட்டிச் சிரட்டையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். கணக்குப் பேராசிரியர் தானியேலாவின் ஊருக்கும் நம் ஊருக்கும் ஒருவரையொருவர் கேலி செய்யும் முறை உண்டல்லவா, ஆரம்பித்துவிட்டான்.

"டவெயுனிக்காரம்மா, எட்டு மணி வகுப்புல நானும் கரும்பலகையும் மட்டும்தான் இருக்கோம். இந்த வருஷம் கரும்பலகை முதல் வகுப்புல பாஸாயிடும், பாருங்க!"

கொட்டகையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"மண்டபத்துல அன்னைக்கே கேட்டேனே, ஏன்யா சொல்லல?"

"நீங்க மேடை மேல உக்காந்திருந்தீங்களே. ஒசரத்துல இருக்கறவங்கள அண்ணாந்து பாத்து இல்லன்னு சொன்னா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?"

"சரி, இப்பதான் தரையில உக்காந்திருக்கேனே. சொல்லித் தொலைங்க!"

"அப்ப நூலகத்துல இருந்து ஆரம்பிக்கலாமா?" என்றாள் நூலகர் விலிமைனா. அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை.

படகு வந்தபிறகே வகுப்பு, மதியமும் நூலகம் திறந்திருக்கும் என்று விதிகளையெல்லாம் அந்தப் பாயிலேயே மாற்றினார்கள். நான் பள்ளியில் இருந்தபோது கண்டதுதான். நான் எழுதிப்போட்ட விதிகளைப் பையன்கள் நாளும் மீறுவார்கள். அவர்களே போட்ட விதியை ஒருவன் மீறினால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள். இங்கேயும் அதே கதை. படகு தாமதமானால் தானியேலாவே படகுத்துறைக்குப் போய் நிற்கிறான். விலிமைனா மதியம் நூலகத்திலேயே மரவள்ளிக்கிழங்கு தின்கிறாள். தேர்ச்சி ஏறிவிட்டது. நேற்று ஆட்சிக்குழு மாக்கெரெத்தாவையே தொடரச் சொல்லிவிட்டது. "மாமா, அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா அழுதுடுவேன்" என்றாள். சொல்லிவிட்டேன். இனி நிம்மதியாகத் தூங்கு.

தோட்டம் செழிக்கட்டும், புயல் உங்கள் பக்கம் திரும்பாதிருக்கட்டும், கர்த்தர் உங்கள் கூரையைக் காக்கட்டும்.

அன்புடன்,
வைசாகே

பி.கு.: இதைத் தபாலில் போட மறந்துவிட்டேன், இன்று செவ்வாய். பாய்க் கூட்டத்தின் பெருமையைக் கேள்விப்பட்ட ஆட்சிக்குழுத் தலைவர் அதைப் பெரிய மண்டபத்துக்கு மாற்றிவிட்டார். யங்கோனாக் கலயம் மேடையில், பக்கத்தில் மைக், நாற்காலியில் தலைவர். "இனி எப்போதும் இப்படியே நடத்தலாம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். தானியேலா தரையைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். எங்களுக்கு நடுவே உன் மகளும் தரையைப் பார்த்தாள். ஏகமனதாக நிறைவேறியது என்றார் தலைவர். மச்சான், கொட்டகைக்கு இன்னொரு கட்டு அனுப்பு, சீக்கிரம்.