முன்னால் போகிற குரல் என்னுடையது

எதிர் வேட்பாளரைத் திட்டுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்கே போய், "இப்படித் திட்டப் போறேன், சரியா இருக்கா பாருங்க" என்று வாசித்துக் காட்டிய பிரசாரகர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் சேலையூர் மைக் பாய்.

சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். கேம்ப் ரோட்டில் புடவைத் தள்ளுபடி, காணாமல் போன நாய், கண் பரிசோதனை முகாம் எல்லாமே அவர் குரலில்தான் எங்களுக்குத் தெரியவரும். நாளைக்குத் தண்ணீர் வராது என்று அவர் சொன்னால்கூட ஏதோ நல்ல செய்தி போலவே கேட்கும்.

வார்டு தேர்தல் வந்தது. எங்கள் தெரு ஹார்டுவேர் கடைக்காரர் நின்றார். எதிரே, அப்போதைய கவுன்சிலரான ஓய்வுபெற்ற நர்ஸம்மா. சிறுசேரியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் தட்டுகிற எனக்கு வசனம் எழுதுகிற ஆசை ஒன்று உள்ளுக்குள் கிடந்தது. கடைக்காரருக்குப் பிரசார வாசகம் எழுதிக் கொடுத்தேன்; அதை ஊருக்கு முழங்க அவர் அமர்த்தியது பாயை. தூர் வாராத கால்வாய், எரியாத ஏழு தெருவிளக்கு என்று எழுதிவிட்டு, காரம் போதவில்லையே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "ஏரியை வளைத்து வீடு கட்டிய நர்ஸம்மா!"

ஆதாரம்? வீடு ஏரிக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை பாய் என் வாசலில் நின்றார்.

"சார், நர்ஸம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டு வந்துட்டேன்."

கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. "யார்கிட்ட?"

"அவங்களத்தானே திட்டப் போறோம்? அவங்களுக்குத் தெரியாம எப்டி சார்? கால்வாய் மேட்டர் கரீக்ட்டுன்னுட்டாங்க. தெருவிளக்கு ஏழு இல்லியாம், ஒம்போதாம். திருத்திக்கினேன். ஆனா ஏரி மேட்டர் பொய் சார். பட்டா காட்னாங்க. அவங்கப்பா கட்டுன வூடு."

"பாய், எலெக்‌ஷன்ல இதெல்லாம் சகஜம்."

"இன்னா சார் சகஜம்? கால்வாய்ல கீற குப்பைய நாளைக்கே வாரிடலாம். இது தெருவுல வுழுந்தா யாரு வார்றது?"

அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியை ஊரெல்லாம் முழங்கினார். கடைக்காரர் கொதித்துப்போய் அன்று மதியமே அவரை நிறுத்திவிட்டார். நானும் ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் நிற்கிறேன். தூரத்தில் பாயின் குரல். அதே இழுப்பு, அதே இனிமை: "ஏரியை வளைத்து வீடு கட்டிய நர்ஸம்மா!" ஆக, கடைசியில் மனிதர் வழிக்கு வந்துவிட்டார் என்று திரும்பினால், எனக்குப் பக்கத்திலேயே பாய் நிற்கிறார். கையில் டீ கிளாஸ். வாய் மூடியிருக்கிறது. குரல் மட்டும் தெருவில் போய்க்கொண்டிருக்கிறது.

கடைக்காரரின் மருமகன் பாயின் பழைய புடவை விளம்பரங்களைக் கம்ப்யூட்டருக்குத் தின்னக் கொடுத்து, அவர் குரலையே செய்து, வேறொரு பிரசார வண்டியில் ஏற்றிவிட்டிருந்தான்.

"சார், அது நான் இல்ல சார்" என்றார் பாய். முகம் வெளுத்துவிட்டது. "ஆனா என் கொரலு சார் அது."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோவுக்கு ஓடினார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

"முன்னால போற வண்டில வர்றது என் கொரலு! பேசறது நான் இல்ல! நர்ஸம்மா வூடு பட்டா வூடு, என் கண்ணால பாத்தேன்!"

முன் வண்டி குற்றம் சாட்டியது. பின் வண்டி அதே குரலில் மறுத்தது. பால்கனிக்கு பால்கனி தலைகள். "பாய்க்கு என்னடி ஆச்சு, அவரே சொல்லிட்டு அவரே இல்லேங்கறாரு?" என்றாள் ஒரு அம்மாள். கேம்ப் ரோடு திருப்பத்தில் இரண்டு வண்டியும் மாட்டிக்கொள்ள, பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. "பேஜாரா கீதுப்பா" என்று முன் வண்டி டிரைவர் குரலை அணைத்தான்.

கூட்டம் சூழ்ந்தது. "யாரு பாய் இத எழுதினது?" என்று ஒருவர் சட்டையை மடித்துக்கொண்டு கேட்டார்.

நான் ஆட்டோவுக்குள் சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொண்டேன். பாய் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எழுதினவரு நல்ல மன்சன்தான். விசாரிக்காம எழுதிட்டாரு. அவரே போய் நர்ஸம்மாகிட்ட சொல்லுவாரு."

தேர்தலில் கடைக்காரரும் தோற்றார், நர்ஸம்மாவும் தோற்றார். மைக்கே வைக்காமல் வீடு வீடாகப் போன ஒரு சுயேச்சை ஜெயித்தார். ஆனால் எனக்கு இன்றும் நினைவில் நிற்பது இரண்டு வண்டியும் மாட்டிக்கொண்ட அன்றைக்குச் சாயங்காலம்தான். நர்ஸம்மாவின் கூடத்தில் உட்கார்ந்து தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் பட்டாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பிறகு, "எங்கப்பாவைத் திருடன்னு சொல்லிட்டீங்களே தம்பி" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெளியே வந்தால் மழை பிடித்திருந்தது. கேட்டோரம் பாயின் ஆட்டோ.

"ஏறுங்க சார், வூட்ல வுட்டுடறேன்."

ஊருக்கெல்லாம் பேசுகிற அந்த மனிதர், என் வீடு வரும்வரை என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை.