பட்டாசு ஆலைக்குப் பக்கத்தில் ஒரு ஜெபம்

மூன்று சபைக்காரர்கள் ஒரு காரியத்தில் சேர்ந்து இறங்கினால் அன்புக்குக் குறைவிருக்காது. கிடைக்காமல் போவது எல்லாருக்கும் பொதுவான நேரம்தான். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர். வீட்டுப் படிக்கட்டைக்கூட எண்ணிக்கொண்டேதான் ஏறுவேன் (இறங்கும்போது சரிபார்த்துக்கொள்வேன்). அந்தத் தகுதியே போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

மாணவர்களின் கையில் செல்போன் வரத் தொடங்கியிருந்த காலம். விருதுநகரில் கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு கிறிஸ்தவ ஐக்கியம் நடந்துவந்தது. அது எந்தச் சபைக்கும் சொந்தமில்லை; எல்லாச் சபைப் பிள்ளைகளும் வரலாம். அதைத் தாங்கி நடத்தும் குழுவில் நான் செயலாளர். என்னோடு மூன்று போதகர்கள். கத்தோலிக்கக் கோயிலின் ஃபாதர் பேசினால் பக்கத்து நாற்காலிக்கே பாதிதான் கேட்கும். புராட்டஸ்டண்ட் சபையின் ஐயர் (எங்கள் பக்கம் சபைக் குருவை அப்படித்தான் அழைப்போம்) எதையும் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஜெபிப்பார். பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டருக்கு மைக் என்பது வீண் செலவு. மூவரும் ஒரு வாசலில் சந்தித்துவிட்டால் 'நீங்க முன்னால போங்க', 'இல்லல்ல, நீங்க போங்க' என்று உபசரித்துக்கொண்டே நிற்பார்கள். உள்ளே வைத்த தேநீர் ஆறிவிடும்.

வேலையை உண்மையில் செய்தவர் ஜெபராஜ் என்ற முழுநேர ஊழியர். விடுதி விடுதியாகப் பைக்கில் போய்ப் பிள்ளைகளின் அழுகையையும் அரியரையும் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர். அந்த வருஷம் கல்லூரியில் எங்களுக்கு இருந்த அறையை வகுப்புக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். கூடுவதற்கு இடம் இல்லையென்றால் விருதுநகர்க் கிளையை மூடி ஜெபராஜை வடக்கே எங்கேயாவது அனுப்பிவிடுவோம் என்று சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அவர் மனைவிக்கு அப்போதுதான் சூலக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை நிரந்தரமாகியிருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், "சார், இடம்?" என்பார். அவ்வளவுதான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கடைசியில் ஃபாதருக்குத் தெரிந்த ஒரு பட்டாசு ஆலை முதலாளி மனமிரங்கினார். ஆனைக்குட்டம் போகிற வழியில், அவருடைய ஆலைச் சுவரை ஒட்டி, மூடிப்போன தீப்பெட்டி ஆலையின் கூடம் ஒன்று சும்மா கிடந்தது.

"ஒரு தடவை நடத்துங்க சார், பாப்போம். தீ சமாச்சாரம் மட்டும் எதுவும் கூடாது" என்றார் முதலாளி.

அவர் கிழமையைக் கேட்கவில்லை. ஜெபக்கூட்டம் என்றால் ஞாயிறு என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ஞாயிறு ஆலைக்கு விடுமுறை. நானோ ஞாயிற்றுக்கிழமையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்துத் தோற்றிருந்தேன். காலையில் ஃபாதருக்குப் பூசை, ஐயருக்கு ஆராதனை. பாஸ்டர் பகல் ஒரு மணிக்குத்தான் 'முடிவாக' என்று சொல்வார் (அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசுவார்). மாலையில் ஃபாதருக்குக் கிளைக் கிராமம், ஐயருக்கு வாலிபர் கூட்டம். மூன்று சபைகளுக்கும் பழுதில்லாத ஒரே நாள் சனிக்கிழமை என்று விடை வந்தது. விடை சரிதான். தீபாவளிக்கு முந்தைய சீசன், சனிக்கிழமை ஆலை முழுமூச்சாக ஓடும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நெருப்புக்கு எதிராக நான் எடுத்த முன்னெச்சரிக்கைகளைக் கேட்டால் தீயணைப்புத் துறையே என்னை வேலைக்கு எடுத்திருக்கும். வாசலில் நின்று பையன்களின் சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டி தேடினேன். ஃபாதரின் மெழுகுவர்த்தியைக் கெஞ்சி வாங்கிக் காருக்குள் வைத்தேன். தேநீரைக்கூட விருதுநகரிலேயே போட்டுக் கேனில் கொண்டுவந்தோம். சத்தத்தைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை.

பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். ஐயர் வேதம் வாசித்தார். ஃபாதர் தியானம் நடத்தினார். பாதிப் பேர் தூங்கினார்கள். பிறகு பாஸ்டரின் முறை. அவர் சபையில் ஒரு வழக்கம் உண்டு: ஜெபக்குறிப்பைச் சொல்லிவிட்டு, எல்லாரையும் ஒரே நேரத்தில், அவரவர் வார்த்தையில், வாய்விட்டு ஜெபிக்கச் சொல்வார். அன்றைய ஜெபக்குறிப்பு, பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கிற தாய்மாருக்கு எந்த விபத்தும் நேரக் கூடாது என்பது.

பிள்ளைகளில் பலருக்கு அது யாரோ அல்ல. அவர்களின் அம்மாவும் அக்காவும்தான். ஆரம்பித்தார்கள் பாருங்கள். முதலில் முனகல், பிறகு விம்மல், பிறகு கதறல். "காப்பாத்துங்க ஆண்டவரே" என்று ஒரு பக்கம், "அம்மா, அம்மா" என்று இன்னொரு பக்கம். தகரக் கூரை அத்தனையையும் பெருக்கி வெளியே அனுப்பியது. புத்தகம் இல்லாமல் ஜெபித்தறியாத ஐயர் மார்பில் அடித்துக்கொண்டார். ஃபாதரின் குரலை முதன்முறையாக முழுதாகக் கேட்டேன். நான் மட்டும் கண்ணைத் திறந்துவைத்துத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஜன்னல் வழியே அதை முதலில் பார்த்தவன் நான்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெண்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். செருப்பில்லாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருவரும் ஒருவரோடும் பேசாமல், பொட்டலை நோக்கி ஓடினார்கள்.

எனக்கு ஒரே எண்ணம்தான் வந்தது. ஆலையில் தீப்பிடித்துவிட்டது. கேட்ட ஜெபத்துக்கு நேர் எதிராகப் பதில் வந்திருக்கிறது. "ஓடுங்க" என்று கத்தினேன். வெளியே கேட்ட காலடிச் சத்தத்தைப் பரிசுத்த ஆவியின் எழுப்புதல் என்று நம்பிய பாஸ்டர் இன்னும் குரலை உயர்த்தினார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் அலறிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அலறலைக் கேட்டு அந்தப் பெண்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். அவர்கள் வேகத்தைப் பார்த்து நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம்.

வேலிக்கருவேல மரங்களுக்கு அப்பால் இரண்டு கூட்டமும் மூச்சு வாங்க நின்றன.

"எங்கன வெடிச்சிச்சு?" என்று கேட்டார் ஆலையின் போர்மேன் கருப்பசாமி.

"உங்க ஆலையிலதானே?" என்றேன்.

"எங்க ஆலையிலயா? நீங்கதானய்யா எளவு விழுந்த மாதிரி கதறுனீக. கூடத்து மேல என்னமோ விழுந்துட்டுதுன்னு பொம்பளைக எந்திரிச்சு ஓடுறாக."

அந்தப் பகுதி வேலைக்காரர்களுக்குப் பாடம் ஒன்றே. கதறல் கேட்டால் நின்று விசாரிக்கக் கூடாது, ஓட வேண்டும். எங்கேயும் புகை இல்லை. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் என்று இருந்தது.

அதற்குள் கருப்பசாமி தலைகளை எண்ணத் தொடங்கியிருந்தார். நானும் என் பிள்ளைகளை எண்ணினேன், சரியாக இருந்தது. அவர் இரண்டாம் தடவை எண்ணினார்.

"ஒரு ஆளு குறையுது."

மரியபுஷ்பத்தைக் காணோம் என்று ஒரு பெண் சொன்னாள். எங்கள் கூட்டத்தில் ஸ்டெல்லா என்ற மாணவி, "எங்கம்மா" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். ஓட்டத்தில் விழுந்து மிதிபட்டிருந்தால்? இருதயம் நின்றிருந்தால்? ஜெபராஜின் வேலை, கூடம், கிளை எல்லாம் என் மனதிலிருந்து உதிர்ந்துபோய், ஒரே ஒரு தலை மட்டும் நின்றது. மூன்று போதகர்களும் ஆலைப் பக்கம் திரும்பி ஓடினார்கள். யார் முன்னால் போவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆலையில் அவள் இல்லை. எங்கள் கூடத்தில் இருந்தாள். கலைந்து கிடந்த பாய்களைப் புரட்டிப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தாள். ஃபாதரைப் பார்த்ததும், "எம்புள்ள எங்க சாமி?" என்றாள்.

ஸ்டெல்லா கூட்டத்துக்கு வந்திருப்பது அவளுக்குத் தெரியும். கதறல் கேட்டதும் எல்லாரும் சத்தத்தை விட்டு ஓட, அவள் ஒருத்தி மட்டும் சத்தத்தை நோக்கி ஓடியிருக்கிறாள். நாங்கள் முன்வாசலில் வெளியேற, அவள் பின்வாசலில் நுழைந்திருக்கிறாள். மகள் வந்து சேர்ந்ததும் முதலில் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம்தான் கட்டிப்பிடித்தாள்.

முதலாளி கார் வந்து நின்றது. "இன்னைக்கு என்ன கெழமை சார்?" என்று மட்டும் கேட்டார். சனி என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் குரலில் நான் பதில் சொன்னதில்லை. ஜெபராஜ் தூரத்தில் நின்று தேநீர்க் கேனை எடுத்துவைக்கத் தொடங்கியிருந்தார். இடம் போய்விட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டது புரிந்தது.

மரியபுஷ்பம் மகளை விட்டுவிட்டு என் பக்கம் வந்தாள். "அம்புட்டுப் பேரும் சேந்து எதுக்கு அப்பிடி அழுதீக?" என்று என்னைக் கேட்டாள்.

"உங்களுக்காகத்தாம்மா. உங்களுக்கு ஒரு விபத்தும் வரக் கூடாதுன்னு."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எங்களுக்காக அழுகுறதுன்னா எங்களுக்குக் கேக்காம அழுவுங்க சார். இல்லாட்டி நீங்க அழுதே நாங்க செத்துருவோம்."

முதலில் சிரித்தது கருப்பசாமி. பிறகு பெண்கள். கடைசியாக முதலாளி, ஆனாலும் இடம் தருவதாக அவர் சொல்லவில்லை. அவள்தான் அவரிடம் பேசினாள்.

"மொதலாளி, இடத்தக் குடுங்க. பிள்ளைக எங்கிட்டாவது அழுதுதான ஆகணும். ஞாயித்துக்கெழமையா வச்சுக்கிடட்டும். சேதி தெரியாம யாரும் பதறாம இருக்க, இந்த சார ரோட்டோரத்துல நிப்பாட்டுங்க."

அப்படியே முடிவாயிற்று. மூன்று போதகர்களும் தங்கள் ஞாயிறு மாலைகளை எப்படியோ வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். ஜெபராஜ் விருதுநகரிலேயே இருந்தார். அடுத்த ஆறு வருஷம், கூட்டம் நடந்த நாளெல்லாம், பாஸ்டரின் முறை வந்ததும் நான் குடையோடு சாலையோரத்துக்குப் போவேன். சைக்கிளில் போகிறவர்களையும் ஆட்டுக்காரர்களையும் நிறுத்தி, "ஒண்ணுமில்லை, ஜெபம்தான், பயப்படாதீக" என்பேன். எண்ணிப் பார்த்தால் உள்ளே ஜெபித்த பிள்ளைகளைவிட வெளியே நான் சமாதானம் சொன்ன ஆட்கள்தான் அதிகம்.

என் மகள் கல்யாணத்தில், அவளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நேரம். என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ, மாப்பிள்ளை வீட்டார் பதறி எழுந்தார்கள். என் மகன் என் கையில் ஒரு குடையைத் திணித்து மண்டப வாசலைக் காட்டினான். நானும் போய் நின்றேன்.

அங்கே நின்று நானும் அழுதேன். எனக்காகச் சமாதானம் சொல்லத்தான் ஆள் இல்லை.