பிள்ளையார் சுழியும் ஃபோல்டர் சாரும்

மைசூரில் உள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் கால் முளைத்தால், எங்கள் விஜயநகர் ஃபோல்டர் சாரைக் கண்டதும் அவை எழுந்து நிற்கும். கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலம் வாங்கப் போனாலும், "கம்ப்யூட்டர் எந்த ரூம்ல?" என்றுதான் கேட்பார். அவர் கிளம்பும்போது அந்த வீட்டுப் போட்டோக்கள் எல்லாம் வருஷ வாரியாக ஃபோல்டர்களில் கைகட்டி நிற்கும்.

காலையில் மற்றவர்கள் போனில் ரோஜாப்பூ அனுப்புவார்கள். இவர் தமிழ் டைப்பிங் சொல்லித்தரும் தளம், பெரிய ஃபைலைச் சுருக்கித்தரும் தளம் என்று தேடிப் பிடித்து அனுப்புவார். விசாரிக்காமல் எதையும் அனுப்ப மாட்டார். "யார் நடத்துறாங்க, வாசல்லயே போன் நம்பர் கேக்கறானா, எல்லாம் பாக்கணும் ஸ்வாமி. பொண்ணு குடுக்கற மாதிரி."

நான் பெண் கொடுக்கிற விஷயத்திலேயே கோட்டை விட்டவன்.

எட்டாம் வகுப்போடு நின்றவன். மகன் தந்த பழைய லேப்டாப்பில் எதை டைப் செய்தாலும் உச்சியில் பிள்ளையார் சுழி போடாமல் ஆரம்பிக்க மாட்டேன். சேமிக்கும்போது அந்த இயந்திரம் முதல் வரியையே பெயராக எடுத்துக்கொண்டது: உ. அடுத்தது உ1. அப்புறம் உ2. பிள்ளையாரே பெயர் வைக்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பஜனைப் பாட்டு, வீட்டு வரி விண்ணப்பம், மகள் சுகன்யாவின் ஜாதகம், எல்லாமே உ.

கொள்ளேகாலிலிருந்து நல்ல வரன் வந்தது. ஜாதகம் கேட்டார்கள். பூஜையை முடித்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு அனுப்பினேன். கண்ணைத் திறந்துகொண்டு அனுப்பியிருக்கலாம். பையனின் அப்பா கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஜாதகம் கேட்டா, 'எங்கள் வாசலிலேயே படுத்துக் கிடக்கிறது, வருவோர் போவோரையெல்லாம் கடிக்க வருகிறது, தயவுசெய்து வண்டி அனுப்பிப் பிடித்துச் செல்லவும்'னு வந்திருக்குதுங்களே. பொண்ணைப் பத்தியாங்க?"

தெருநாய்க்காக மாநகராட்சிக்கு எழுதிய மனு! கன்னடத்தில் எழுதித் தரச் சொல்லி எதிர்வீட்டம்மாவிடம் கொடுக்கத் தமிழில் தயார் செய்தது.

"மன்னிச்சுக்குங்க, அது நாய்ங்க" என்றேன்.

"சாயங்காலம் எங்க ஜோசியர் பழனிக்குக் கிளம்பறாருங்க. அதுக்குள்ள அனுப்புங்க. இல்லாட்டி இன்னொரு ஜாதகம் கையில இருக்குதுங்க."

வைத்துவிட்டார். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்த பொண்ணை நாய் வண்டியில ஏத்தச் சொன்ன அப்பன் உலகத்துலயே நீங்கதான். போய் ஃபோல்டர் சாரைக் கூட்டிட்டு வாங்க."

வந்தார். திரையைப் பார்த்ததும் அவருக்குக் கன்னடம் வந்துவிட்டது. "ஏன்ரீ இது! கம்ப்யூட்டரா, விநாயக சதுர்த்திப் பந்தலா?"

"சாமி சமாசாரம் சார்..."

"பொண்ணு நட்சத்திரம் என்ன?"

"அனுஷம்."

ஃபைலுக்கு உள்ளே இருக்கும் சொல்லையும் தேடலாமாம். அதைச் சொல்லித்தரும் தளத்தை எனக்கு எப்போதோ அனுப்பியிருந்தாராம். நான் அதற்குக் கைகூப்பும் பொம்மையைப் பதிலாகப் போட்டுவிட்டு, திறக்காமலே இருந்திருக்கிறேன். அவர் 'அனுஷம்' என்று தட்டினார். ஜாதகம் வந்து நின்றது. என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்.

"நாய் இல்லையே?"

"இல்ல சார். சுகன்யாதான்."

"அனுப்புங்க. ஆய்த்து, முடிஞ்சது."

எனக்கு மூச்சு வந்தது. அவருக்கோ கை நிற்கவில்லை. ஒரே மனு பல பிரதிகளாகக் கிடந்ததைப் பார்த்து, "இதெல்லாம் குப்பைத் தொட்டிக்கு" என்றார்.

"ஐயோ சார், பிள்ளையாரைக் குப்பையிலயா!" கையைப் பிடித்தே விட்டேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "சதுர்த்தி முடிஞ்சா பிள்ளையாரை என்ன பண்றோம்?"

"ஆத்துல விடறோம்."

'காவிரி' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பிரதிகளை ஒவ்வொன்றாக, மெதுவாக அதில் இறக்கினார். மற்ற எல்லாவற்றுக்கும் சரியான பெயர் சூட்டி, 'உ' என்ற ஒரே பெரிய ஃபோல்டருக்குள் குடிவைத்தார். "வாசல்ல ஒரு பிள்ளையார் போதும் ஸ்வாமி. உள்ள இருக்கறவங்க அவங்கவங்க பேரோட இருக்கட்டும்."

சுகன்யா இப்போது கொள்ளேகாலில் நன்றாக இருக்கிறாள். சம்பந்தி இன்றும் போனை எடுத்ததும், "நாய் சௌக்கியங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஃபோல்டர் சார் போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். அவர் அனுப்பிய தளங்களில் பாதி இப்போது திறப்பதில்லை. முறைப்படி காவிரியில் விட வேண்டியவை. மனசு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, அவர் பெயரையே வைத்தேன். அந்தப் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன்.

பார்த்தால் திட்டுவார். வந்து திட்டட்டும்.