டயருக்குள் இடியாப்ப மாவு

ஒரு வேலையை அடுத்தவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டாலே அது நமக்கும் தெரிந்துவிட்டது என்று ஒரு நினைப்பு வரும் பாருங்கள், அதைப்போல ஆபத்தானது வேறில்லை. எனக்கு அது மோட்டார் சைக்கிள் டயர் விஷயத்தில் வந்தது. (சமையலில் வந்திருந்தால் வெறும் வயிற்றுவலியோடு போயிருக்கும்.)

மலாய் நாட்டில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி, வாசலில் காவல். அரிசி, மாவு, சீனி என்று எதையும் வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். மாட்டிக்கொண்டவர்களை உள்ளே போட்டார்கள். சிலரை இந்தியாவுக்குக் கப்பலேற்றியும் விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுங்கை ஆயர் தாவாரில் எனக்கு ஒரு பெண் அமைந்தாள். பெயர் மேரி. அப்பா சவரிமுத்து, பள்ளிக்கூட வாத்தியார். படத்தைப் பார்த்ததிலிருந்தே எனக்கு அவளைத் தவிர வேறு நினைப்பில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். அக்கா கைக்குழந்தைக்காரி; தோட்டத்தில் மருந்து கட்டும் டிரசரான மச்சானுக்கோ ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. நானே போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவதென்று ஏற்பாடு.

மச்சான் தன் மோட்டார் சைக்கிளைத் தந்தார். "பின் டயரு வழுக்கையா இருக்குடா. புதுசு வாங்கி வச்சிருக்கேன், டவுன் கடையில குடுத்து மாத்திக்க. வண்டிப் பையில இன்னொரு டியூப்பும் கெடக்கு."

"இதுக்குப் போயி கடையா மச்சான்? நானே மாத்திடுவேன் லா!"

கடைக்காரச் சீனர் இரும்புப் பட்டையால் டயரை நெம்பியதைப் பார்த்திருக்கிறேன். அக்காவின் மேசைக்கரண்டிகளும் இரும்பு மாதிரிதான் இருந்தன. டியூப்பின்மேல் அவர் ஏதோ வெள்ளைப் பொடியைத் தூவுவார். என்ன பொடி என்று கேட்டால் நமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே! வீட்டில் வெள்ளையாகக் கண்ணில் பட்டது, இடியாப்பத்துக்காக அக்கா வறுத்து வைத்திருந்த அரிசி மாவு. பங்கீட்டு அரிசியில் மிச்சம் பிடித்துச் சேர்த்தது. கல்யாண வீட்டுப் பன்னீர் மாதிரி தாராளமாகத் தெளித்தேன்.

மூன்று கரண்டியோடு வேலையை ஆரம்பித்தேன். முடித்தபோது இரண்டுதான் இருந்தன.

"ஏண்டா, ஒரு கரண்டியக் காணோமே?" என்றாள் அக்கா.

"புள்ள எங்கயாச்சும் தூக்கிப் போட்டிருக்கும்" என்றேன். (தவழக்கூடத் தெரியாத பிள்ளை.)

தோட்டத்து வாசலில் என் பையை உதறிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். வழியெல்லாம் பின்சக்கரம் 'டொக், டொக்' என்றது. புது டயர், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுங்கை ஆயர் தாவாருக்குச் சற்று முன்னால் போலீஸ் தடுப்பு. பிரேக்கை அழுத்தியதும் 'டப்' என்று டியூப் வெடித்தது. டயரின் ஓரத்திலிருந்து வெண்புகை மாதிரி ஒன்று சீறி, அங்கே நின்ற மலாய் சார்ஜனின் கஞ்சி போட்ட கால்சட்டையில் போய்ப் படிந்தது.

அவர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"தெப்போங்?"

"ஆமாம் துவான், மாவுதான்" என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பதே உறைத்தது. பெண்ணும் போச்சு, வேலையும் போச்சு, கப்பல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

டயரைக் கழற்றச் சொன்னார். மாவு கொட்டியது. அதன் பின்னாலேயே 'கிளிங்' என்று தார்ச்சாலையில் விழுந்தது அக்காவின் மூன்றாவது கரண்டி.

சார்ஜன் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "மாவு அனுப்புகிறாய், சரி. கரண்டியுமா?" என்றார் மலாயில்.

நான் அழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்டார். வாத்தியார் பெயரைச் சொன்னதும் சைக்கிளில் ஒருவன் போய் அவரை அழைத்து வந்துவிட்டான். வெள்ளைச் சட்டையில் வந்து நின்ற வருங்கால மாமனாருக்கு, மாவு அப்பிய கையால் கும்பிடு போட்டேன்.

சார்ஜன் சொன்னார்: "டயர் மாற்றத்தான் மாவு என்கிறாய். வண்டிப் பையில் இன்னொரு டியூப் இருக்கிறது. எங்கே, என் முன்னால் மாட்டு."

என்னைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. சட்டைக் கையை மடித்து, கரண்டியை விட்டு முழுப் பலத்தோடு நெம்பினேன். டயரும் உள்ளே போய்விட்டது. பெருமையோடு நிமிர்ந்து காற்றடிக்க ஆரம்பித்தேன். 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கரண்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே புது டியூப்பையும் நசுக்கிக் கிழித்திருந்தேன்.

தடுப்பில் நின்ற லோரிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. கரண்டியை என் சட்டைப்பையில் செருகிவிட்டு, "இவனை விட்டுவிடுங்கள். இவனை நம்பினால் காடே பட்டினி கிடக்கும்" என்றார். எனக்கும் மலாய் தெரியும். இருந்தாலும் வாத்தியார் அதை எனக்குத் தமிழில் ஒருமுறை நிதானமாகச் சொன்னார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனேன். காப்பி கொண்டுவந்த மேரி, என் மீசையிலிருந்த மாவைப் பார்த்துவிட்டுத் தட்டை வேகமாக வைத்து உள்ளே ஓடினாள். உள்ளிருந்து கேட்டது அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் நான் தவித்த தவிப்பு சொல்லி முடியாது. அடுத்த வாரம் சம்மதம் என்று ஆள் வந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில் மச்சானைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழாய் சொட்டினாலும் பல்பு போனாலும் நான் எழுந்தால் போதும், "காடே பட்டினி!" என்று பேரப்பிள்ளைகள்வரை கத்துகிறார்கள். மேரி மட்டும் அந்தக் கேலியில் சேருவதில்லை.

"அன்னிக்கு இவரு டயர ஒழுங்கா மாட்டியிருந்தா, மாவு கடத்தத் தெரிஞ்ச ஆளுன்னு உள்ள தள்ளியிருப்பாங்க. எங்கப்பா என்னை, முன்னாடியே பொண்ணு கேட்டிருந்த சுங்கை பஞ்சாங் கடைக்காரருக்குத்தான் குடுத்திருப்பாரு" என்பாள்.

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவாள். அது நிம்மதியா, வருத்தமா என்று விசாரிக்கும் தைரியம் எனக்கு இதுவரை வரவில்லை.