வாயில் வைத்த மோதகம்

காதலியின் தாய் வாயில் வைத்த சாப்பாட்டைப் பிடுங்கி எடுத்தவன் மட்டக்களப்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. எப்படியும் யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். என் வாயால் கேட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

கல்லடியில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில், ஆறே மேசைகளோடு ஒரு ஜோர்ஜியச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. நடத்துபவர் நீனோ அக்கா. அந்த நாட்டுக்குப் படிக்கப் போன கல்லடிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டவர். முதுகில் பையோடு திரியும் வெளிநாட்டுக்காரர்கள் பாசிக்குடாவுக்குப் போகிற வழியில் இறங்கி, இந்தக் கடையைத் தேடிப்பிடித்துச் சாப்பிடுவார்கள். நானும் அங்கே வாடிக்கையாளன். அவர்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதால் நானும் உலகம் சுற்றியவன் என்று ஒரு நினைப்பு. (அதுவரை நான் போன ஆகத் தூரமான இடம் கண்டி.)

அனுஜாவும் நானும் புளியந்தீவில் ஒரே அலுவலகத்தில் வேலை. அவள் களுவாஞ்சிக்குடிப் பெண். எங்கள் இரண்டு வருடக் காதலைக் கேள்விப்பட்ட அவளுடைய அப்பா, "ஒருக்காப் பொடியனப் பாப்பம். மறுகாத்தான் முடிவு" என்று சொல்லிவிட்டார். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். முடிவு என்றால் முடிவுதான். சந்திக்க ஐஸ்கிறீம் கடை போதும் என்றாள் அனுஜா. நான் கேட்டேனா? என் உலக அறிவை மாமனாருக்குக் காட்ட வேண்டாமா?

முதல் நாளே நீனோ அக்காவுக்குப் போன் எடுத்து, "நாளைக்குப் பின்னேரம் நாலு பேர், ஹிங்காலி செய்து வையுங்க" என்றேன். ஹிங்காலி என்பது மாவுக்குள் இறைச்சியும் சாறும் வைத்து, வாயைச் சுருக்கி அவித்தெடுப்பது. நான் எப்போதும் சாப்பிடுவது மாட்டிறைச்சி வைத்தது. (வீட்டில் தெரியாது. அதாவது, அன்றுவரை தெரியாது.)

மறுநாள் அனுஜாவும் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அனுஜாவின் அம்மாவுக்கு நெற்றி நிறையத் திருநீறு.

"பிந்திப்போச்சு மனே. வெள்ளிக்கிழமையெல்லோ, கோயிலுக்குப் போயித்து வாறம்."

வெள்ளிக்கிழமை! அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. மாட்டிறைச்சி எந்தக் கிழமையிலும் இல்லை. இதை அனுஜா எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

குசினிக்கு ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று எழும்பினேன். அப்பா விடவில்லை.

"இரும் தம்பி. வட்டையில காணி எவ்வளவு இரிக்கு?"

"வயல் இல்ல சேர்."

"தென்னங்காணி?"

"அதுவும் இல்ல சேர்."

நான் எழும்ப, அவர் அடுத்த கேள்வியைப் போட, நான் மறுபடி உட்கார, இப்படியே என்னிடம் இல்லாத சொத்தெல்லாம் பட்டியலாகி முடிவதற்குள் ஆவி பறக்கத் தட்டு வந்துவிட்டது.

"அட, மோதகம்!" என்றார் அம்மா. அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளை வெளேரென்று, உச்சியில் குடுமியோடு, அச்சு அசல் பிள்ளையாருக்குப் படைக்கிற மோதகம். "நல்ல சகுனம் பாருங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, உள்ளே பயறும் சர்க்கரையும் இருக்கிற நம்பிக்கையில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"விழுங்காதீங்க!"

கத்தியது நான்தான். மேசைக்கு மேலால் பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கையில் இருந்த மிச்சத்தைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அது நசுங்கி, சாறு பீறிட்டு, அப்பாவின் வெள்ளைச் சட்டையைக் கழுத்திலிருந்து வயிறுவரை நனைத்தது. பக்கத்து மேசை வெள்ளைக்காரி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உள்ளுக்க மாட்டிறைச்சி" என்றேன். "நான் வழமையாச் சாப்பிடுறது. வெள்ளிக்கிழமை எண்டு மறந்துபோனன்."

அம்மா கன்னத்தில் அடக்கிய துண்டோடு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார். அப்பா எழும்பிவிட்டார். அனுஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அகப்பையோடு நீனோ அக்கா ஓடி வந்தார். "ஆர் சொன்ன மாடு எண்டு? அது காளான்! வெள்ளிக்கிழமையில நான் மச்சம் சமைச்சா என்ட மாமி என்னக் குசினிக்க விடுவாவா?"

நான் தொப்பென்று கதிரையில் விழுந்தேன். அப்படியொரு நிம்மதி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கண்ணீர்கூட எட்டிப் பார்த்தது. மாட்டிறைச்சி தின்பதை வருங்கால மாமனாரிடம் வீணாக ஒப்புக்கொண்டேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அப்பா நின்றபடியே சட்டையைத் துடைத்தார். "ஜோர்ஜியாப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை தெரியுது. மட்டக்களப்பு மாப்பிள்ளைக்குத் தெரியல்ல."

அம்மா ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பேசாம இரிந்திருந்தா எங்களுக்கு என்ன தெரியப்போகுது? நீங்க கத்தினீங்களே மனே. அது போதும்."

அப்பா உட்கார்ந்தார். குடுமியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டுத்தான் கடிக்க வேண்டும் என்று நீனோ அக்கா காட்டிக்கொடுக்க, ஐந்து ஹிங்காலிகளை முடித்தார். ஆறாவதைக் கையில் எடுத்துக்கொண்டே என் சாதகக் குறிப்பைக் கேட்டார்.

கல்யாணம் முடிந்து ஆறு வருடம். இன்றைக்கும் எந்த விருந்தில் உட்கார்ந்தாலும் மாமி முதல் வாயைக் கையில் எடுத்துக்கொண்டு, சபை முழுக்கக் கேட்க, என்னைத் தேடுவார். "மனே, விழுங்கலாமோ?" நான் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களும் சாப்பிடுகிறார்கள்.